பூக்கடைக் கணக்கையும் எழுதலாம்: முதல் ரெஸ்யூம் எழுதும் பிள்ளைகளுக்கு

நாகர்கோவில் வடசேரியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம், டைப்பிங் எல்லாம் உண்டு. கல்லூரிகளில் கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டால் போதும், வாசலில் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். “அண்ணே, ஒரு ரெஸ்யூம் அடிக்கணும், எவ்வளவு ஆகும்?” மாடல் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் உடனே வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வரும். அது போன வருஷம் படிப்பை முடித்த சீனியருடைய ரெஸ்யூமாக இருக்கும். அவருக்கு அதைக் கொடுத்தது அவருடைய சீனியர். “பேரு, மார்க்கு, அட்ரஸ் மட்டும் மாத்துங்கண்ணே. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்.”

அந்த ‘மத்ததெல்லாம்’தான் ரெஸ்யூம். பெயரும் மார்க்கும் சர்டிபிகேட்டிலேயே இருக்கின்றன. அவற்றைச் சொல்ல இன்னொரு தாள் எதற்கு?

ரெஸ்யூம் என்பது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். சுருக்கம் என்று பொருள். எதன் சுருக்கம் என்பதில்தான் குழப்பம் வருகிறது. பிறந்தது முதல் இன்றுவரை நடந்ததையெல்லாம் சுருக்கினால் அது பயோடேட்டா. கல்யாணத் தரகரிடம் ஜாதகத்தோடு சேர்த்துக் கொடுக்கிறோமே, அதுதான். அதில் அப்பா பெயர், உயரம், நிறம், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று எல்லாம் இருக்கும். நாம் வேலை கேட்டுப் போகும் இடத்தில் அது எதுவும் தேவைப்படாது. அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான்: இந்த வேலையை இந்தப் பிள்ளை செய்யுமா? அந்தச் சந்தேகத்துக்கு உங்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பதிலைத்தான் ரெஸ்யூம் என்கிறோம். வளைகுடா வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் இதையே சி.வி. என்று கேட்பார்கள். பெயரைக் கண்டு மிரள வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ரெஸ்யூம் வேலை வாங்கித் தராது, நேர்காணலுக்குக் கூப்பிட வைக்கும். அதோடு அதன் வேலை முடிந்தது. இது புரிந்துவிட்டால் நாலு பக்கம் எழுதும் ஆசை போய்விடும். இப்போதுதான் படிப்பை முடித்தவருக்கு ஒரு பக்கம் தாராளம்.

‘அனுபவம் இல்லை’ என்று எழுதிய பெண்

தோவாளையிலிருந்து ஒரு பெண் வந்தாள். பி.காம். முடித்தவள். நாகர்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பிரிவுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அவள் கொண்டுவந்த தாளில் ‘அனுபவம்’ என்ற தலைப்பின் கீழ் ‘இல்லை’ என்று இருந்தது. அதற்குக் கீழே ஹார்டு ஒர்க்கிங், டீம் பிளேயர், குயிக் லேர்னர் என்று மூன்று வரிகள். அந்த மூன்றையும் நான் ஆயிரம் தாளில் அடித்திருப்பேன்.

காலேஜ் போக மற்ற நேரத்தில் என்ன செய்தாய் என்று கேட்டேன். பெரியப்பாவுக்குத் தோவாளை மார்க்கெட்டில் பூக்கடை, விடியற்காலையில் போய்க் கணக்கு எழுதிக் கொடுப்பேன் என்றாள். எத்தனை வருஷமாக? மூன்று வருஷமாக. அப்புறம் ஏன் அனுபவம் இல்லை என்று எழுதினாய் என்றால், “அது வீட்டுக் காரியம்லாண்ணே, அதுக்குச் சம்பளமா தந்தாங்க?” என்கிறாள்.

அங்கேயே அவளை உட்கார வைத்து எழுத ஆரம்பித்தோம். முதலில் அவள் எழுதியது: ‘பெரியப்பாவின் கடையில் உதவி செய்தேன்.’ இதைப் படிக்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. சாயா வாங்கிக் கொடுப்பதும் உதவிதானே. என்ன செய்தாய் என்று மறுபடி கேட்டதும் ‘பூ மொத்த வியாபாரக் கடையில் தினசரி வரவு செலவு எழுதினேன்’ என்று மாற்றினாள். இப்போது ஒரு வேலை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனாலும் எவ்வளவு பெரிய வேலை என்பது தெரியவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பில் மக்களே? நாற்பது இருக்கும். கடனுக்கு வாங்குகிறவர்கள் உண்டா? கேரளத்திலிருந்து வரும் வியாபாரிகள் பன்னிரண்டு பேர், வாரத்துக்கு ஒருமுறை பணம் கொடுப்பார்கள். அந்தப் பாக்கியை யார் பார்த்துக்கொள்வது? நான்தான். முதலில் நோட்டில் எழுதியிருந்தாள், இரண்டாம் வருஷம் எக்ஸெலுக்கு மாற்றியிருக்கிறாள். ஓணம் சமயத்தில் பில் மூன்று மடங்காகும், ஆனாலும் அன்றன்றைய கணக்கை அன்றே முடித்துவிடுவாளாம்.

கடைசியில் தாளில் ஏறியது இது: ‘பூ மொத்த வியாபாரக் கடையில் 3 ஆண்டுகள் பகுதிநேரமாகத் தினமும் சுமார் 40 பில்களுக்குக் கணக்கு எழுதினேன். 12 வியாபாரிகளின் கடன் பாக்கியை நோட்டிலிருந்து எக்ஸெலுக்கு மாற்றி, வாரந்தோறும் சரிபார்த்தேன்.’

இதில் ஒரு வார்த்தைகூடப் புளுகு இல்லை. ‘ஹார்டு ஒர்க்கிங்’ என்று அவள் சொல்லவும் இல்லை. விடியற்காலையில் எழுந்து மூன்று வருஷம் கணக்கு எழுதியவள் சோம்பேறியா என்று யாராவது கேட்பார்களா? நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: நீங்கள் எப்படிப்பட்டவர் என்று எழுதாதீர்கள், என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். எப்படிப்பட்டவர் என்பதைப் படிக்கிறவர் முடிவு செய்துகொள்வார்.

நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். படிக்கும்போதே ஏதாவது ஒரு வேலையைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை இங்கே குறைவு. குலசேகரம் பக்கம் காலையில் ரப்பர் பால் எடுத்து ஷீட் அடித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிற பையன்கள் இருக்கிறார்கள். மார்த்தாண்டம் பக்கம் தேன் பெட்டி வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். குளச்சலிலிருந்து ஒரு டிப்ளமோ மெக்கானிக்கல் பையன் வந்தான். அப்பாவின் வள்ளத்தில் அவுட்போர்டு எஞ்சினை அவன்தான் கழற்றி மாட்டுவான். கார்புரேட்டர் சுத்தம் செய்வது, பிளக் மாற்றுவது, கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினை ஓட்டிக் கழுவுவது என்று அத்தனையும் அவன் கைவேலை. ரெஸ்யூமிலோ கல்லூரி புராஜெக்ட் மட்டும்தான். அதுவும் ஆறு பேர் சேர்ந்து காசு கொடுத்து வாங்கியது! அவன் போகவிருந்தது ஒரு டூவீலர் சர்வீஸ் சென்டருக்கு. எந்த வரியைப் பார்த்து அவனைக் கூப்பிடுவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

எண்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நாற்பது பில்லை நானூறு என்று ஆக்காதீர்கள். நேர்காணலில் முதலில் தோண்டுவது அந்த எண்ணைத்தான். எண் தெரியாவிட்டால் எண் வேண்டாம், என்ன செய்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

முதலில் தமிழில் எழுதுங்கள்

ரெஸ்யூம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போக வேண்டும். பிள்ளைகள் காப்பி அடிப்பதற்குக் காரணமே அந்தப் பயம்தான். சீனியருடைய ஆங்கிலம் பிழையில்லாமல் இருக்கும், நாமே எழுதினால் தப்பாகிவிடும் என்று நினைக்கிறார்கள். அதற்கு நான் கண்ட வழி, ஒரு வெள்ளைத்தாளில் எல்லாவற்றையும் தமிழில், நண்பனிடம் சொல்வதுபோல எழுதிவிடுவது. மேலே சொன்ன பூக்கடை வரி அப்படி வந்ததுதான். அதை ஆங்கிலமாக்குவது பெரிய காரியம் இல்லை. தமிழில் ‘எழுதினேன்’, ‘சரிபார்த்தேன்’ என்று வினை கடைசியில் வரும். ஆங்கில ரெஸ்யூமில் அந்த வினையைத் தூக்கி வரியின் தலையில் வைப்பது வழக்கம்: மெயின்டெய்ன்ட், செக்ட், ரிப்பேர்ட், டாட். ‘நான்’ என்ற சொல்லும் வேண்டாம். பள்ளிக்கூட ஆங்கிலமே போதும்.

சாட்ஜிபிடியிடம் கேட்டால் அதுவே எழுதித் தருமே என்கிறார்கள். தரும்தான். ஆனால் ‘பி.காம். முடித்தவருக்கு ஒரு ரெஸ்யூம் எழுது’ என்று கேட்டால், பழைய சீனியர் ஃபைலையே கொஞ்சம் மினுக்கிக் கொடுத்த மாதிரி இருக்கும். உங்கள் பூக்கடை அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் எழுதியதைக் கொடுத்து ‘பிழை திருத்து, புதிதாக எதையும் சேர்க்காதே’ என்று சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு வரியையும் படித்து, இதைப் பற்றிக் கேட்டால் இரண்டு நிமிஷம் என்னால் பேச முடியுமா என்று பாருங்கள். பேச முடியாத வரியை எடுத்துவிடுங்கள்.

தாளில் எது எங்கே

மேலே பெயர், போன் நம்பர், மின்னஞ்சல், ஊர். இவ்வளவு போதும். கதவு எண், தெரு, அஞ்சல், தாலுகா என்று நாலு வரி முகவரி தேவையில்லை. ‘தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்’ என்றாலே விளங்கும். பள்ளிக்கூடக் காலத்தில் விளையாட்டாகத் தொடங்கிய மின்னஞ்சல் முகவரி இருந்தால், உங்கள் பெயரிலேயே புதிதாக ஒன்று தொடங்கிக்கொள்ளுங்கள்.

பெயரில்தான் நம்மவர்களுக்குச் சிக்கல். இனிஷியல் முன்னால் ஒரு சர்டிபிகேட்டில், பின்னால் ஒன்றில். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. சர்ச்சில் ஞானஸ்நானப் பெயர் வேறு. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால், வெளிநாட்டு வேலைக்கு மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதுங்கள்.

அடுத்து, வழக்கமாக ‘ஆப்ஜெக்டிவ்’ என்று ஒரு பத்தி வரும். சவால் நிறைந்த சூழலில் பணியாற்றி, நிறுவனத்தின் வளர்ச்சியோடு சேர்ந்து நானும் வளர விரும்புகிறேன் என்கிற மாதிரி. இதை எழுதாதவர் யார்? அந்த இடத்தில் உங்களைப் பற்றி இரண்டே வரி எழுதுங்கள்: என்ன படித்தீர்கள், கையில் என்ன வேலை இருக்கிறது, என்ன வேலை தேடுகிறீர்கள். ‘பி.காம். பட்டதாரி. எக்ஸெலில் மொத்த வியாபாரக் கணக்கு எழுதிய பழக்கம் உண்டு. கணக்கு உதவியாளர் வேலை தேடுகிறேன்.’ தோவாளைப் பெண்ணுக்கு நாங்கள் எழுதியது இதுதான்.

பிறகு அனுபவம், புராஜெக்ட், படிப்பு. எது பலமோ அது முதலில் வரட்டும். படிப்பில் கடைசியாக முடித்ததை முதலில் எழுத வேண்டும். டிகிரி, பன்னிரண்டு, பத்து என்று இறங்கி வாருங்கள். அரியர் இருந்தால் மறைக்காதீர்கள். ‘ஒரு பாடம் பாக்கி, நவம்பரில் எழுதுகிறேன்’ என்று போடுங்கள். பெரிய நிறுவனங்கள் சான்றிதழ்களைச் சரிபார்க்க ஏஜென்சி வைத்திருக்கின்றன. வேலையில் சேர்ந்த பிறகு பொய் தெரிந்தால் நிலைமை இன்னும் மோசம்.

திறமைகள் என்ற இடத்தில் எம்.எஸ். ஆபீஸ் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எக்ஸெலில் வி-லுக்அப் போடத் தெரியுமா, பிவட் டேபிள் தெரியுமா, டேலியில் ஜி.எஸ்.டி. பில் போட்டிருக்கிறீர்களா என்று பிரித்து எழுதுங்கள். தட்டச்சு லோயர், ஹையர் முடித்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள். அது அரசு நடத்துகிற தேர்வு, அதன் மதிப்பு அலுவலகங்களுக்குத் தெரியும். 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் படித்த பயிற்சியையும் சேர்க்கலாம். சான்றிதழின் பெயரை மட்டும் எழுதாமல், அதில் என்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் டிரேடு, சான்றிதழ் வருஷம், அப்ரண்டிஸ் செய்த இடம் ஆகியவற்றையும், நர்சிங் முடித்தவர்கள் கவுன்சில் பதிவு எண்ணையும், எந்த வார்டில் எத்தனை மாதம் இருந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.

மொழிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன் திருவிதாங்கூரில் இருந்த மண். விளவங்கோடு பக்கம் வீட்டிலேயே மலையாளம் காதில் விழும். மற்ற இடங்களிலும் கேட்டால் புரியும், ஓரளவு பேசவும் வரும். ஆனால் நூற்றில் தொண்ணூறு பிள்ளைகள் ‘தமிழ், ஆங்கிலம்’ என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் திருவனந்தபுரம் டெக்னோபார்க் 1990-இல் தொடங்கியது, இங்கிருந்து தினமும் போய் வருகிற தூரம்தான். அங்குள்ள ஆஸ்பத்திரிகள், ஹோட்டல்கள், நகைக்கடைகள் என்று எத்தனை இடங்களில் மலையாளம் தெரிந்த தமிழ்ப் பிள்ளைக்கு மதிப்பு இருக்கிறது! வேறு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்காத வரி அது. ‘மலையாளம்: பேசவும் புரிந்துகொள்ளவும் தெரியும், எழுதத் தெரியாது’ என்று உள்ளபடி எழுதுங்கள். எழுதத் தெரியாது என்பது குறையே இல்லை.

இடைவெளி விழுந்த வருஷங்கள்

டிகிரி முடித்து மூன்று வருஷம் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படித்தேன், கிடைக்கவில்லை, இப்போது தனியாரில் தேடுகிறேன். இதைத் தலையைக் குனிந்துகொண்டு சொல்கிற பிள்ளைகள் என் கடைக்கு வாரம் ஒருவராவது வருகிறார்கள். அந்த வருஷங்களை எப்படி மறைக்கலாம் என்று கேட்பார்கள். மறைக்க அதில் என்ன இருக்கிறது? ‘2021–2024: அரசுப் போட்டித் தேர்வுகளுக்குத் தயாரானேன்’ என்று எழுதலாம். முதல்நிலைத் தேர்வில் தேறியிருந்தால் அதையும் சேர்க்கலாம். அந்த நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்திருந்தால் எத்தனை பேர், எந்த வகுப்பு என்று எழுதுங்கள். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தால் ‘குடும்பப் பொறுப்பு’ என்று இரண்டு சொல் போதும். காரணம் தெரிந்த இடைவெளி யாரையும் உறுத்தாது. காலியாக விட்டால்தான் கேள்வி வரும்.

எழுத வேண்டாதவை

அப்பா பெயர், மதம், சாதி, திருமணம் ஆனதா என்பது எதுவும் வேண்டாம். உறுதிமொழி வாசகமும் வேண்டாம். ‘பாட்டுக் கேட்பது’ என்ற பொழுதுபோக்கும் வேண்டாம், ஆனால் மாவட்ட அணியில் கால்பந்து ஆடியிருந்தால் எழுதுங்கள். போட்டோ, அவர்கள் கேட்டால் மட்டும். வளைகுடா வேலைக்குப் போட்டோ, பிறந்த தேதி, பாஸ்போர்ட் எதுவரை செல்லும் என்பதெல்லாம் கேட்பார்கள், அங்கே கொடுக்கலாம். ஆதார் எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் ரெஸ்யூமில் போட்டு ஊரெல்லாம் அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்பில் போன தாள் யார் கையில் சேரும் என்று சொல்ல முடியாது. முன்பணம் கேட்கும் வெளிநாட்டு ஏஜென்ட் யாராக இருந்தாலும், மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவர்தானா என்று முதலில் பாருங்கள்.

அழகு விஷயத்திலும் அடக்கம் நல்லது. பல பெரிய நிறுவனங்களில் ரெஸ்யூமை முதலில் படிப்பது மென்பொருள்தான். இரண்டு பத்தியாகப் பிரித்த டிசைன், கட்டங்கள், ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுத்த திறமைப் பட்டியல் எல்லாம் அதற்குச் சரியாகப் புரியாமல் போகலாம். வெள்ளைப் பின்னணி, கறுப்பு எழுத்து, ஒரே ஃபான்ட், 11 சைஸ், பி.டி.எஃப். ஃபைல். அவர்கள் விளம்பரத்தில் ‘அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட்’ என்று போட்டிருந்தால் அதே சொல் உங்கள் தாளிலும் இருக்கட்டும். ஜவுளிக்கடைக்கும் ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்டருக்கும் ஒரே தாளைக் கொடுக்காமல், மேலே உள்ள இரண்டு வரியையும் அனுபவத்தின் வரிசையையும் மாற்றிக்கொள்ளுங்கள். பத்து நிமிஷ வேலை அது.

நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டேனே, ரெஸ்யூம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற அந்தப் பதிவு அரசு வேலைக்கான சீனியாரிட்டிக்கு, அதை விட்டுவிடாதீர்கள். தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்கும்போது ஒவ்வொரு மேஜையிலும் கேட்பது ரெஸ்யூமைத்தான். பத்துப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள், மடிக்காமல் ஃபைலில் வைத்து.

வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பும்போது ஃபைலின் பெயர் ‘நியூ ரெஸ்யூம் ஃபைனல் 3’ என்று இருந்தால், அங்கே இறங்கும் நூறு ஃபைலில் உங்களுடையது தொலைந்துபோகும். உங்கள் பெயரும் வேலையின் பெயரும் இருக்கட்டும். வெறும் ஃபைலை அனுப்பாமல் கூடவே இரண்டு வரி எழுதுங்கள்: ‘வணக்கம். கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். பி.காம். முடித்து மொத்த வியாபாரக் கடையில் மூன்று வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன். ரெஸ்யூம் இணைத்துள்ளேன்.’

கடைசியாக ஒரு பையனின் கதை. சில வருஷத்துக்கு முன் என்னிடம்தான் அடித்துக்கொண்டு போனான். சீனியர் ஃபைலில் பெயரை மாற்றினோம், மார்க்கை மாற்றினோம், முகவரியை மாற்றினோம். மேலே இருந்த போன் நம்பரை மாற்ற அவனும் மறந்தான், நானும் கவனிக்கவில்லை. முப்பது பிரதி எடுத்து, கிடைத்த இடத்திலெல்லாம் கொடுத்திருக்கிறான். ஒரு இடத்திலிருந்தும் கூப்பிடவில்லையே என்று இரண்டு மாதம் கழித்து வந்து நின்றான். தாளை வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த சீனியர் அதற்குள் வெளிநாடு போய்விட்டார், அவருடைய பழைய நம்பர் அணைந்து கிடந்தது. யார் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் கூப்பிட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. அந்தப் பிள்ளையின் இரண்டு மாதத்தை யார் திருப்பித் தருவது? இப்போதெல்லாம் யார் வந்தாலும், தாளில் இருக்கும் நம்பரைப் பார்த்து என் போனிலிருந்து ஒரு கால் போடுவேன். எதிரே நிற்கும் பிள்ளையின் பையில் மணி அடித்த பிறகுதான் பிரிண்ட் கொடுப்பேன்.